இரண்டேகால் கோடி முழங்கால்

2022 அக்டோபர் 8. பெங்களூரு கண்டீரவா அரங்கம். புரோ கபடி லீக்கின் ஒன்பதாவது சீசனில் தமிழ் தலைவாஸ் அணிக்கு அதுதான் முதல் ஆட்டம். எதிரில் குஜராத் ஜெயன்ட்ஸ். ஆட்டம் சூடு பிடிப்பதற்குள், பாடி வந்த எதிரணி ரெய்டரை மடக்கப் போன தலைவாஸ் கேப்டன் பவன் ஷெராவத் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தூக்கிப் போனார்கள். ஆட்டம் 31-31 என்று சமனில் முடிந்தது. பவனுக்கு அத்தோடு அந்த சீசனே முடிந்தது.

அதற்கு இரண்டு மாதம் முன்புதான் ஏலத்தில் அவரை 2 கோடியே 26 லட்சம் கொடுத்துத் தலைவாஸ் எடுத்திருந்தது. அதுவரை எந்தக் கபடி வீரருக்கும் போகாத விலை. அந்த சீசனில் ஓர் அணி தன் வீரர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்துச் செலவிட லீக் அனுமதித்த தொகையே 4 கோடியே 40 லட்சம்தான். பாதிக்கு மேல் ஒரே ஆளுக்குப் போய்விட்டது. பதிலுக்குக் கிடைத்தது சில நிமிட ஆட்டம்.

அவ்வளவு பணத்தை ஏன் கொட்டினார்கள் என்று கேட்டால், தலைவாஸின் பழைய கதையைப் பார்க்க வேண்டும். 2017இல் லீக்குக்குள் வந்த அணி அது. கபடி பிறந்த மண் என்று நாம் மார்தட்டிக்கொள்ளும் ஊரின் பெயரைச் சுமந்துகொண்டு, வருடா வருடம் பட்டியலின் அடியில் கிடந்தது. பவனோ உச்சத்தில் இருந்தார். ஆறு, ஏழு, எட்டு என்று தொடர்ந்து மூன்று சீசன்களிலும் அதிக ரெய்டு புள்ளி எடுத்தவர் அவர்தான். 2019 ஜனவரியில் நடந்த இறுதி ஆட்டத்தில் தனியாளாக 22 புள்ளி குவித்துப் பெங்களூரு புல்ஸுக்குக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். அதே ஆண்டு அக்டோபரில் ஹரியாணா ஸ்டீலர்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 39 ரெய்டு புள்ளிகள். தடுப்பாட்டக்காரர்களின் தலைக்கு மேல் தாவி நடுக்கோட்டைத் தொடும் அவருக்கு ரசிகர்கள் ‘ஹை-ஃப்ளையர்’ என்று பேர் வைத்திருந்தார்கள். அப்படி ஒருவர் ஏலத்துக்கு வரும்போது, அடியில் கிடக்கும் அணி கையைத் தூக்காமல் எப்படி இருக்கும்?

கபடியில் முழங்கால் போவது புதிதல்ல. ரெய்டர் போனஸ் கோட்டுக்குக் காலை நீட்டுகிறார். கார்னரில் நிற்பவர் பாய்ந்து கணுக்காலை இரண்டு கையாலும் கவ்வுகிறார். பாதம் இருந்த இடத்திலேயே சிக்கிக்கொள்கிறது. உடம்பு மட்டும் நடுக்கோட்டை நோக்கித் திரும்புகிறது. அந்த முறுக்கு அத்தனையும் முழங்காலுக்குள் இருக்கும் ஜவ்வில் போய் விழுகிறது. பிடிக்கப் போகிறவருக்கும் இதே ஆபத்து உண்டு. பாய்ந்து ஊன்றிய கால் ஒரு பக்கம், ரெய்டர் இழுக்கும் உடம்பு மறுபக்கம். ஊர்க் கபடியில் மண்ணும் வெறுங்காலும். பாதம் கொஞ்சம் சறுக்கிக் கொடுக்கும். மேட் விரிப்பில் ஷூ போட்டு ஆடும்போது பிடிமானம் கூடும், வேகம் கூடும், கால் சறுக்காது. அந்த ஜவ்வு கிழிந்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் திரும்ப ஆட வருவதற்குப் பொதுவாக ஒன்பது மாதமாவது ஆகும். தினம் ஐஸ் ஒத்தடம், தொடைக்கு எடைப் பயிற்சி, மெதுவாக நடை, பிறகு ஓட்டம். கடைசியில்தான் திரும்புவதும் தாவுவதும்.

பவன் இல்லாத தலைவாஸ் முதலில் தடுமாறியது. பயிற்சியாளர் மாறினார், அஷன் குமார் பொறுப்பேற்றார். அதன் பிறகு நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. முதல் சீசன் ஆடிய நரேந்தர் என்ற இளைஞர் 243 ரெய்டு புள்ளிகள் குவித்தார். வரலாற்றில் முதன்முறையாகத் தலைவாஸ் பிளே-ஆஃப் போனது. யு.பி. யோத்தாஸை டை-பிரேக்கரில் வென்றது. அரையிறுதியில் புனேரி பல்தானிடம் 37-39 என்று இரண்டே புள்ளியில் தோற்றது. இரண்டேகால் கோடி ஆள் வெளியே இருக்க, சொற்பச் சம்பளப் பையன்கள் செய்த வேலை அது.

பவன் சும்மா இருக்கவில்லை. 2023 ஜூன் 30 அன்று தென்கொரியாவின் பூசானில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப் இறுதியில் இந்தியா இரானை 42-32 என்று வீழ்த்தியபோது, இந்திய அணியின் கேப்டன் அவர்தான். கால் தேறிவிட்டது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? இருந்தும், அடுத்த சீசனுக்குத் தக்கவைக்கும் வீரர்களின் பட்டியலைத் தலைவாஸ் வெளியிட்டபோது பவன் பேர் அதில் இல்லை.

சமூக ஊடகத்தில் ரசிகர்கள் கொதித்தார்கள். கணக்கைப் பார்த்தால் அணி பக்கம் நியாயம் இருக்கிறது. அரையிறுதி வரை கொண்டுபோன கூட்டத்தைக் கலைக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே ஆளுக்குப் பாதிப் பணத்தைக் கொடுத்துவிட்டு, அந்த ஆள் மறுபடியும் விழுந்தால் மொத்த சீசனும் போச்சு. விடுவித்தார்கள்.

2023 அக்டோபர் 7 அன்று ஹாங்சோ ஆசிய விளையாட்டில் பவன் தலைமையில் இந்தியா இரானை 33-29 என்று வென்று தங்கம் வாங்கியது. சில நாள்களில் ஏலம். தெலுங்கு டைட்டன்ஸ் அவரை 2 கோடியே 60 லட்சத்து 50 ஆயிரத்துக்கு எடுத்தது. தன் பழைய விலையை அவரே தாண்டினார். அந்த சீசனில் அவர் 202 ரெய்டு புள்ளி எடுத்தார். டைட்டன்ஸோ 22 ஆட்டத்தில் இரண்டே வெற்றியோடு கடைசி இடத்தில் முடித்தது. ஓர் அணி செலவிட அனுமதித்த 5 கோடிப் பர்ஸில் பாதிக்கு மேல் ஒருவருக்கே போனால், அவர் அவுட்டாகி வெளியே உட்கார்ந்திருக்கும் நேரத்தில் ஆட யார் இருப்பார்கள்? அதற்காகத் தலைவாஸ் ஜெயித்துவிடவும் இல்லை, ஒன்பதாம் இடம்தான்.

வேறு ஊர்களிலும் இதே கதைதான். அமெரிக்கக் கால்பந்தில் கல்லூரி முடித்து வரும் வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்வு செய்யும். முந்தைய ஆண்டு மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு. 2012இல் ராபர்ட் கிரிஃபின் என்ற இளைஞரை இரண்டாவது ஆளாகத் தேர்வு செய்வதற்காக, வாஷிங்டன் அணி தன் முதல் சுற்று வாய்ப்புகள் மூன்றையும் இரண்டாம் சுற்று வாய்ப்பு ஒன்றையும் வேறோர் அணிக்குத் தாரை வார்த்தது. முதல் ஆண்டே சிறந்த புதுமுகம் என்ற விருது. 2013 ஜனவரியில் முழங்கால் போனது. பழைய வேகம் திரும்பவே இல்லை. 2016 மார்ச்சில் அணி அவரை விடுவித்தது.

நம் கிரிக்கெட் வீரர் வருண் சக்கரவர்த்திக்கும் இது நடந்தது. 2018 டிசம்பர் ஐ.பி.எல். ஏலத்தில் 20 லட்சத்தில் தொடங்கி 8 கோடியே 40 லட்சத்துக்குப் பஞ்சாப் அணி எடுத்தது. ஒரே ஓர் ஆட்டம், பிறகு காயம், அடுத்த ஆண்டு விடுவிப்பு. கொல்கத்தா 4 கோடிக்கு எடுத்தது. 2024இல் அந்த அணி கோப்பை வாங்கியபோது வருணின் கணக்கில் 21 விக்கெட். 2025 சாம்பியன்ஸ் டிராபியில் நியூசிலாந்துக்கு எதிராக 5 விக்கெட்.

பவனும் வருணும் தப்பித்தவர்கள். பவனுக்கு விலை கூடியது. இந்திய அணியில் இடம் இருந்தது. அடித்தட்டு வீரருக்கு இதெல்லாம் கிடையாது. பவன் சாதனை விலைக்குப் போன 2022 ஏலத்தில், கடைசிப் பிரிவான டி பிரிவு வீரரின் அடிப்படை விலை 6 லட்சம். அந்த விலைக்குப் போன ஒருவருக்கு ஜவ்வு கிழிந்தால் அவர் பேரை எந்தத் தொலைக்காட்சியும் சொல்லாது. பட்டியலில் இல்லை என்பதே அவருக்கு வரும் செய்தி.

சென்னைக்கு அருகே சுங்குவார்சத்திரத்திலிருந்து ஒரகடம் வரை கம்பெனி வேலைக்கு வந்து வாடகை அறைகளில் தங்கியிருக்கும் இளைஞர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பொங்கலுக்கு ஊரில் கபடி ஆடியவர்கள் அவர்களில் நிறையப் பேர். கை கால் நன்றாக இருக்கும்வரைதான் ஷிஃப்ட் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் ஆலைத் தொழிலாளிக்கு ஒரு பாதுகாப்பைச் சட்டம் எப்போதோ எழுதிவைத்தது. 1948ஆம் ஆண்டின் ஈ.எஸ்.ஐ. சட்டப்படி, வேலையில் அடிபட்டுத் தற்காலிக ஊன உதவித்தொகை வாங்கிக்கொண்டிருப்பவரை அந்தக் காலத்தில் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று இருந்தது. 73ஆம் பிரிவு அதைத் தெளிவாகச் சொன்னது. உதவித்தொகையும் சராசரிக் கூலியில் ஏறத்தாழ 90 சதவீதம். ஒப்பந்தத் தொழிலாளி விஷயத்தில் இது ஏட்டோடு நின்றுவிடுவது உண்டு. ஆள் தேறி வந்தபின் கான்ட்ராக்டர் கூப்பிடாமல் விட்டால் யாரிடம் போய்க் கேட்பது? அதற்குத்தான் சங்கம். தங்கள் சங்கத்துக்கு அங்கீகாரம் கேட்டு இதே சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது.

அமெரிக்கக் கால்பந்து வீரர்களுக்கு 1956 முதல் சங்கம் இருக்கிறது. காயத்தோடு இருக்கும் வீரரை நீக்கினால் அந்த சீசன் சம்பளத்துக்கு அணி பொறுப்பு என்பது அங்கே ஒப்பந்தத்திலேயே உண்டு. கிரிஃபினின் அணி கொடுத்த விலையைப் பற்றிப் பேசும் நாம், அங்கே வீரர்கள் கூட்டாகப் பேசி வாங்கிய இந்த உரிமையைப் பற்றிப் பேசுவதில்லை.

பவன் கதை டைட்டன்ஸோடும் முடியவில்லை. 2024 சீசனின் நடுவில் மறுபடி காயம். பல ஆட்டங்களில் டைட்டன்ஸ் அவர் இல்லாமல் ஆடியது. 2025 ஏலத்தில் அவரைத் தலைவாஸே மீண்டும் எடுத்தது. இந்த முறை 59 லட்சத்து 50 ஆயிரம். மூன்றே ஆண்டில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல். செப்டம்பரில், ஒழுங்கு நடவடிக்கை என்று சொல்லி அணி அவரை மறுபடி வெளியே அனுப்பியது. அவர் அதை மறுத்தார்.

விடுவிக்கக் கூடாது என்று எந்த அணியையும் கட்டிப்போட முடியாது. பர்ஸுக்கு வரம்பு இருக்கும்வரை இந்தக் கணக்கு நடக்கும். ஆனால் ஓர் அணியின் சட்டையோடு ஆடும்போது கிழிந்த ஜவ்வுக்கு, அறுவைச் சிகிச்சையிலிருந்து மறுபடி மேட்டில் ஏறும் நாள் வரை ஆகும் செலவும் சம்பளமும் அந்த அணியைச் சேர்ந்தது என்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அந்தத் தொகையைப் பர்ஸ் கணக்கில் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் அதுவே காயம்பட்டவரைக் கழற்றிவிடக் காரணமாகிவிடும். முதலில் இது டி பிரிவுக்கு வர வேண்டும்.