லீவ் 'எடுக்க' முடியாது சார்!

அப்பாவுக்குக் கண்ணில் புரை. வெள்ளிக்கிழமை ஆபரேஷன். புதன்கிழமை மத்தியானம் மேனேஜர் மேஜையில் ஒரு சீட்டு வைத்தேன்: 'வெள்ளியன்று நான் லீவ்.' பத்தே நிமிஷத்தில் திரும்பி வந்தது. 'இது தகவலா, வேண்டுகோளா?' என்று ஓரத்தில் சிவப்பு மையில் கேட்டிருந்தார் மனுஷன்.

எனக்கு வந்ததே கோபம்! கணக்கில் பதினோரு நாள் பாக்கி இருக்கு. என் லீவை நான் எடுக்க இவர் யார்? அதே சூட்டோடு சாயங்காலம் லைப்ரரிக்குப் போய்ப் பெரிய ஆங்கில அகராதியைப் புரட்டினேன். பார்த்தால்... நியாயம் அவர் பக்கம்!

பழைய ஆங்கிலத்தில் 'லேஆஃப்' என்று ஒரு சொல். பயப்படாதீர்கள், வீட்டுக்கு அனுப்பும் அந்த லே-ஆஃப் இல்லை. இதற்கு அர்த்தம், அனுமதி. இதுதான் இன்றைய லீவ். விடுமுறை என்ற பொருளெல்லாம் பின்னால் ஒட்டிக்கொண்டது. புறப்படுவதைச் சொல்லும் 'லீவ்' இருக்கிறதே, அது வேறு வேர், வேறு குடும்பம். ஸ்பெல்லிங் ஒன்றாகிப்போனதால் அண்ணன் தம்பி மாதிரி தெரிகிறது. ஆக, 'டேக் லீவ்' என்றால் கிளம்புவதல்ல, கிளம்ப அனுமதி வாங்குவது. நாம் 'விடைபெறுகிறேன்' என்கிறோமே, அச்சு அசல் அதேதான். அங்கே விடை என்பதும் அனுமதிதான்.

அரசியல் சாசனத்தின் 136-வது பிரிவில் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போடும் மனுவுக்குப் பெயர் 'ஸ்பெஷல் லீவ் பெட்டிஷன்'. நீதிபதி 'லீவ் கிராண்டட்' என்றதும் வக்கீல் ஊட்டிக்கு டிக்கெட் போட்டுவிடக் கூடாது. அப்பீல் செய்ய அனுமதி, அவ்வளவே! மத்திய அரசு ஊழியர்களுக்கான 1972-ம் வருஷத்து விதிகளும் கறாராகச் சொல்கின்றன: லீவை உரிமையாகக் கோர முடியாது.

இந்த லீவுக்குச் சொந்தக்காரர்கள் யார் தெரியுமோ? 'லவ்', 'பிலீவ்'! எல்லாம் பிரியம் என்ற ஒரே ஆதி வேர். சிப்பாய்க்குக் கொடுக்கும் 'ஃபர்லோ', டச்சு மொழி வழியாக வந்த ஒன்றுவிட்ட தம்பி. அதே வேர் சமஸ்கிருதத்தில் 'லோபம்' ஆகி, நம்மூரில் 'லோபி'யாக நடமாடுகிறது. எங்கள் மேனேஜர் இந்தக் கிளை.

மறுநாள் 'அனுமதி வேண்டுகிறேன்' என்று திருத்தி எழுதி நீட்டினேன். முகம் மலர்ந்து கையெழுத்துப் போட்டார். அரை நாளுக்கு! கண்ணில் கட்டோடு அப்பாவை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்கு அழைத்து வந்தது, எதிர்வீட்டு மாமா.