சென்னை மேற்குப் புறநகர்களில் கொத்துமல்லிக் கீரை

கொத்துமல்லி நம் சமையலில் ஊறிப்போன பொருளாயினும், அதன் பூர்வீகம் மத்தியதரைக் கடலை அடுத்த பிரதேசங்களேயாகும். காரட், சீரகம், சோம்பு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடி, அங்குக் குளிர்கால மழையில் முளைத்து, வெயில் ஏறியதும் பூத்துக் காய்த்து மடியும் இயல்புடையது. எகிப்தில் 1922-இல் கண்டெடுக்கப்பட்ட தூத்தங்காமன் மன்னனின் கல்லறையிலும் இதன் விதை இருந்தது. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி முதலிய இடங்களில் வீட்டுத் தோட்டம் போடுவோர் பலர் இச்செடியில் ஏமாற்றமடைவது, அதன் பருவத்தைக் கவனியாமையாலேயே.

சித்திரை, வைகாசியில் விதைத்தால் இலை தழைக்குமுன் தண்டு ஓடிப் பூத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலோ விதை அடித்துச் செல்லப்படும். தப்பிய நாற்றும் அழுகும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் மார்கழி முதல் மாசி வரை விதைப்பதே உத்தமம். கோடையிலும் கீரை வேண்டுவோர் மரநிழலிலோ நிழல்வலையின் கீழோ சிறிதளவு பயிரிடலாம்.

விதை எனப்படும் உருண்டை, உண்மையில் இரு விதைகள் சேர்ந்த ஒரு காயாகும். அதைச் சாக்கின்மேல் பரப்பி, மரக்கட்டையால் மெல்லத் தேய்த்து இரண்டாக உடைத்து, 12 மணி நேரம் நீரில் ஊறவைக்க வேண்டும். நசுக்கிவிடலாகாது. மளிகைக்கடை மல்லியில் பழையதும் கலந்திருக்குமாதலால், முதலில் ஒரு பிடியை முளைக்கவிட்டுப் பார்ப்பது நல்லது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 2, கோ 3 ரகங்கள் கீரை, தானியம் இரண்டிற்கும் ஏற்றவை.

பத்தடி நீளமும் மூன்றடி அகலமுமுள்ள பாத்தியில் மக்கிய தொழு உரமிட்டுக் கொத்தி, 25 கிராம் விதையை அரை அங்குல ஆழத்தில் வரிசையாகத் தூவி மூடவேண்டும். களிமண் நிலமானால் பாத்தியை உயர்த்துவது அவசியம். முளை வர 8 முதல் 15 நாட்களாகும். அதற்குள் பொறுமையிழந்து கிளறிவிடுவோரும் உண்டு! நாற்றைப் பிடுங்கி நட்டால் ஆணிவேர் அறுந்து செடி சீக்கிரம் பூத்துவிடும்.

நீரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கொத்துமல்லித் தழை பெரும்பாலும் பச்சையாகவே உண்ணப்படுவது. ஆதலால் சாக்கடை கலந்த வாய்க்கால் நீரையோ ஏரி நீரையோ இதற்குப் பாய்ச்சுதல் கூடாது. செழிப்பாக வளரும் என்பது சமாதானமாகாது. கிணற்று நீரைப் பூவாளியால் தெளிப்பதே போதும்.

முப்பது, நாற்பது நாட்களில் தழை எடுக்கலாம். வெளியிலைகளை மட்டும் கிள்ளினால் மேலும் சிலமுறை கிடைக்கும். பூத்த செடிகளில் சிலவற்றை விட்டுவைத்தால் தேனீக்கள் வரும். காய்கள் பழுப்பு நிறமடைந்ததும் அறுத்து, நிழலில் உலர்த்தி, அடுத்த மார்கழி விதைப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.