இறாலின் விலை

வெள்ளிக்கிழமையும் விரத நாட்களும் நீங்கலாக மற்றைய நாட்களில் மச்சம் சமைக்கும் வீடுகள் யாழ்ப்பாணத்திற் பல. அவ்வீடுகளில் ஒடியற் கூழ் காய்ச்சும் நாள் ஒரு சிறு திருநாளுக்கு ஒப்பாகும். நண்டும் இறாலும் மீன்தலையும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் ஒரே பானையிற் கூடி வெந்து கொதிக்க, பிலாவிலை கோலிக் குடும்பத்தார் யாவரும் வட்டமாக அமர்ந்து அருந்துவர். நாமும் அவ்வாறு அருந்தி வளர்ந்தவர்களே. பானைக்குள் விழுகின்ற இறால் எந்தக் கடலில், எந்த வலையில், எவருடைய இழப்பின்மேல் வந்தது என்னும் வினா நம் மனத்தில் நெடுங்காலம் எழுந்ததில்லை. அதனை எழுப்பியவன் நம்மிடம் கற்ற ஒரு மாணவன்.

கரையோரக் கிராமம் ஒன்றிலிருந்து வந்து உயர்தர வகுப்பிற் படித்தவன் அவன். மூன்று கிழமையாக வகுப்புக்கு வரவில்லை. வந்த அன்று காரணம் கேட்டோம். “சேர், அப்பாவின் வலையை றோலர் அறுத்துக்கொண்டு போய்விட்டது. கடன் கட்டி முடிக்கும் வரைக்கும் நானும் கடலுக்குப் போகவேணும்” என்றான். அன்று நாம் கற்பிக்கவிருந்த புவியியற் பாடம், கண்டமேடைகளில் மீன்வளம் பெருகுவதற்குக் காரணம் யாது என்பது! வெண்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் வாளா நின்றோம்.

றோலர் என்று நம் கடற்கரை மக்கள் வழங்குவது இழுவைப்படகையே. அது தன் பின்னே பைபோன்ற பெரிய மடியொன்றை இழுத்துச் செல்லும். மடியின் வாயை விரித்துப் பிடிப்பதற்கு இருபுறமும் கனத்த பலகைகள் உண்டு. நீரின் விசையால் அவை ஒன்றையொன்று விட்டு விலக, வாய் அகன்று நிற்கும். வாயின் கீழ்விளிம்பிற் கட்டிய சங்கிலி தரையை உரசிக்கொண்டே போகும். இறாலோ பகலிற் சேற்றுக்குட் புதைந்து இரவில் வெளிவரும் இயல்பினது. அதனைக் கிளப்ப வேண்டுமாயின் தரையைக் கிண்டியே ஆகவேண்டும். கத்தரித் தோட்டத்திற் காய் பறிப்பதற்கு உழவு யந்திரத்தை இறக்குவோர் எவரேனும் உளரோ? கடலுக்குள் நடப்பது அதுவே. நீர் மூடி மறைப்பதால் உழுத சுவடு நம் கண்ணிற் படுவதில்லை.

பாக்கு விரிகுடா ஆழமற்ற கடல். பெரும்பகுதி ஏழெட்டுப் பாகத்துக்கு மேற்போகாது. சூரிய ஒளி அடிவரை எட்டுவதனால் அங்கே சாதாளை என்று நாம் சொல்லும் கடற்புல் செழித்து வளர்கிறது. கரையொதுங்கும் சாதாளையை அள்ளித் தோட்டங்களுக்கு எருவாக இட்டவர் நம் முன்னோர். அப்புல்வெளியே ஓராவுக்கும் ஒட்டிக்கும் இறாற் குஞ்சுக்கும் தொட்டில். ஆவுளியா என்னும் கடற்பசுவுக்கு மேய்ச்சற்றரை. தமிழ்நாட்டு அரசாங்கம் 2022ஆம் ஆண்டில் அவ்விரிகுடாவின் தன் பக்கத்தில் கடற்பசுவுக்கெனக் காப்பிடம் ஒன்றைப் பிரகடனஞ் செய்தது. காப்பிடத்துக்கு அப்பால் மடி இழுபட்ட இடங்களிற் புல் வேரோடு பெயர்ந்து போகிறது.

இறாலுக்கென இழுத்த மடி இறாலை மட்டும் ஏந்தி வருவதில்லை. குஞ்சு மீன், சிறு நண்டு, கணவாய்க் குட்டி, சங்கு, நட்சத்திர மீன் யாவும் அதனுள் வரும். இறால் ஒரு கூடை எனின் ஏனையவை பல கூடை. உணவு விவசாய ஸ்தாபனம் 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று, உலகக் கடல்களிற் பிடித்தபின் வீணே எறியப்படுவதை ஆண்டுக்குச் சுமார் 73 இலட்சம் தொன் என மதித்தது. அதில் நான்கிலொரு பங்குக்கு மேற்பட்டது இறால் மடிகளால் நேர்வதாம். நம் பிராந்தியத்தில் அவ்வளவாக எறிவதில்லை. காயவைத்துக் கோழித் தீனுக்கு அரைத்துவிடுகிறார்கள். வளர்ந்திருந்தால் ஒரு குடும்பத்துக்குக் கறியாகியிருக்கும் மீன் கோழிக்கு மாவாகிறது. இதனைச் சிக்கனம் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

இந்த மடி நம் கடலுக்கு வந்த வரலாறு வியப்புக்குரியது. 1952இல் ஐக்கிய நாடுகள் சபை, இந்தியா, நோர்வே ஆகிய முத்தரப்பினரும் ஓர் உடன்படிக்கை செய்தனர். கேரளத்திற் கொல்லத்தை அடுத்த நீண்டகரைப் பகுதியில் ஏழை மீனவரின் வாழ்வை உயர்த்துவதும் அவர்க்கு நல்லுணவு கிட்டச் செய்வதுமே அத்திட்டத்தின் நோக்கம். நோக்கம் நல்லதே. எனினும் அமெரிக்காவும் யப்பானும் இறாலுக்குக் கொடுத்த விலை அந்நோக்கத்தை அடித்துக்கொண்டு போயிற்று. 1960களில் முதலாளிமார் படகுகளில் முதலிட்டனர். தமிழ்நாட்டு அரசும் இழுவைப்படகுகளுக்கு உதவி வழங்கியது. ஏழைக்கென வந்த யந்திரம் ஏழையின் வலையையே அறுக்கலாயிற்று. தோணிக்காரருக்கும் இழுவைப்படகினருக்கும் மூண்ட பிணக்கின் பின்னரே 1983இல் தமிழ்நாடு கடல் மீன்பிடிச் சட்டம் பிறந்து, கரையிலிருந்து மூன்று கடல் மைலை நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கியது. ஆகவே றோலரால் முதலில் அடிபட்டவர் தமிழ்நாட்டின் எளிய மீனவரே என்பதை நம்மவர் மறத்தலாகாது.

அதே 1983இல் இங்கே யுத்தம் தொடங்கியது. வடபகுதிக் கடலில் நம் மீனவர் தொழில் செய்யத் தடைகள் வந்தன. 1974ஆம், 1976ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகளால் வரையப்பட்ட எல்லைக்கோட்டின் இப்பால் வளம் நிறைந்த கடல் ஆளரவமின்றிக் கிடந்தது. அக்கரைப் படகுகள் அதனுட் புகுந்து பழகின. 2009இல் யுத்தம் முடிந்து நம்மவர், இழந்த வள்ளத்தையும் வலையையும் கடன்பட்டுத் தேடிக்கொண்டு கடலில் இறங்கியபோது, அங்கே றோலர்கள் நின்றன. அவை வரும் நாட்களை அறிந்து, கிழமையில் மூன்று இரவுகள் கடலுக்குப் போகாது கரையிற் குந்தியிருந்த கிராமங்கள் உண்டு. கிழமையிற் பாதி உழைப்பு அவ்வாறே கழிந்தது.

சட்டங்கள் இல்லாமலில்லை. இழுவைமடித் தொழிலை இலங்கைப் பாராளுமன்றம் 2017இல் முற்றாகத் தடைசெய்தது. அந்நிய படகுகளுக்கான தண்டத்தை 2018இற் பன்மடங்கு உயர்த்தியது. இந்தியாவும் 2,000 இழுவைப்படகுகளை ஆழ்கடற் படகுகளாக மாற்றுதற்கு 1,600 கோடி ரூபா மதிப்பிலான திட்டத்தை 2017இலேயே அறிவித்தது. மாறியவை மிகச் சில. 2024இல் மாத்திரம் 500க்கு மேற்பட்ட இந்திய மீனவர் நம் கடற்படையினராற் கைதாயினர்.

கைதானோர் யாவர்? படகுச் சொந்தக்காரர் பெரும்பாலும் கரையில் இருப்பார். கடலில் அகப்படுவோர் பங்குக்கும் கூலிக்கும் தொழில் செய்யும் ஏழைகள். சிறையிற் கிடப்பவர் அவர். வீட்டில் அழுவோர் அவர்தம் மனைவி மக்கள். இறாலை வாங்கிக் குளிரூட்டிக் கப்பலேற்றுபவரின் பெயர் எந்த வழக்கேட்டிலும் ஏறுவதில்லை. தூரதேசத்தில் அதனை உண்பவருக்கோ இவை ஒன்றும் தெரியாது. உணவு விவசாய ஸ்தாபனம் 1995இல் வகுத்த பொறுப்புள்ள மீன்பிடி நெறிக்கோவை, பிடிப்பவரோடு பதனிடுவோருக்கும் விற்போருக்கும் கடமை விதித்திருக்கிறது. ஆனால் அது விரும்பினோர் கைக்கொள்ளும் நெறி. கைக்கொள்ளாதாரைத் தண்டிக்கும் வலிமை அதற்கில்லை.

வலிமை எங்கே உள்ளது என்பதற்கு நம் நாடே ஒரு சான்று. நம் நாட்டுப் பலநாட் படகுகள் ஆழ்கடலில் ஒழுங்கின்றி மீன்பிடிப்பதை அரசாங்கம் கண்காணிக்கவில்லை என்று கூறி, ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜனவரி முதல் இலங்கை மீனுக்குக் கதவடைத்தது. சூரை ஏற்றுமதி செய்தோர் திகைத்தனர். அதன்பின் நடந்தவற்றைப் பாருங்கள்! சட்டம் திருத்தப்பட்டது, ஆழ்கடற் படகுகளிற் செய்மதிக் கருவிகள் பொருத்தப்பட்டன, 2016 ஜூன் மாதத்திற் கதவு மீண்டும் திறந்தது. ஒன்றரை ஆண்டு! பாக்கு விரிகுடாவைப் பற்றி இரு அரசுகளும் எத்தனை ஆண்டுகள் பேசின, எத்தனை குழுக்கள் கூடின! வாங்குபவன் “இது எப்படிப் பிடித்தது?” என்று கேட்டபோது படகு, துறைமுகம், திணைக்களம் யாவும் அசைந்தன. இறாலுக்கு அவ்வினாவை எவரும் அத்துணை உறுதியாகக் கேட்கவில்லை என்பதே நம் துணிபு. கடலாமைக்காக அமெரிக்கா கேட்டதுண்டு. மடியில் ஆமை தப்பிச் செல்லும் வாயில் அமையாத நாடுகளின் இறாலை மறுக்கும் சட்டத்தை அது 1989இல் இயற்றியது. ஆமைக்கு வாயில் கிடைத்தது. வலை அறுந்த தோணிக்காரனுக்கென ஒரு வாயில் இன்னும் அமைக்கப்படவில்லை.

அக்கரையாரைக் கூறும்போது நம் முதுகையும் பார்த்துக்கொள்ளல் வேண்டும். யாழ்ப்பாணக் கரையிலும் மன்னார்க் கரையிலும் நம்மவரே இழுவைமடி வைத்துத் தொழில் செய்தவர். தடை வந்தபின்னரும் அது அடியோடு ஒழியவில்லை. இத்தீவின் பலநாட் படகுகள் சீஷெல்ஸ் வரை சென்று எல்லை மீறிப் பிடிபட்ட செய்திகளும் பத்திரிகையில் வந்தவையே. இன்னும் அணித்தே வருவோமாயின், சினை நண்டு என்றால் இரண்டு ரூபா கூடக் கொடுத்து விரும்பி வாங்கும் வழக்கம் நம் வீட்டிலேயே இருந்தது. வயிற்றில் மஞ்சளாய்த் திரண்டிருப்பது இலட்சக்கணக்கான முட்டை என்று வகுப்பிற் சொல்லிக் கொடுத்துவிட்டு, மாலையில் அதனைக் கறியாக்கிச் சுவைத்தவர் நாம். மனையாள் ஒருநாள் இதனைச் சுட்டி நகைத்தபோது மறுமொழி சொல்ல நமக்கு வாய் எழவில்லை.

அதன்பின் சந்தையில் ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டோம். பரவைக்கடலிற் சிறகுவலையிற் பட்ட இறாலும் மடியிற் பட்ட இறாலும் கடகத்துக்குள் ஒன்றுபோலவே இருக்கும். பார்த்துப் பிரித்தறிய நம்போன்றோரால் இயலாது. ஆதலின் கேட்போம். முதல்நாட் கேட்டபொழுது மீன் விற்பவர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். “வாத்தியார், உங்களுக்கு இறால் வேணுமோ, கதை வேணுமோ?” என்றார். சுற்றி நின்றோர் சிரித்தனர். மறுகிழமையும் கேட்டோம். மூன்றாம் கிழமை நாம் வாய் திறக்குமுன்னரே, “இது றோலர்ச் சாமான், உங்களுக்குச் சரிவராது. அங்கால் விளைமீன் கிடக்கு, தூண்டிலிற் பட்டது” என்று கை காட்டினார். அவர் சொல்லை நம்பி விளைமீன் வாங்கி வந்தோம்.

மாணவனின் தந்தைக்குப் புதுவலை வாங்கிய கடன் முற்றும் அடையவில்லை. அவன் பரீட்சைக்குத் தோற்றினான். புவியியற் பத்திரத்தில் மீன்பிடியைப் பற்றிய வினா வந்ததா என்று கேட்டோம். வரவில்லையாம்.