உஷார்! புற்றுநோய்க்கு ‘லைட்’ வைத்தியமா?

“வெட்டத் தேவையில்லை, லைட் பிடித்தே கட்டியைக் கரைக்கலாம்” என்று திருகோணமலை லிங்கநகரில் யாராவது உங்கள் வாசலுக்கு வந்து சொன்னால், நகையை அடகு வைக்க முன் இதை வாசியுங்கள்.

ஒளி இயக்கச் சிகிச்சை உண்மையான வைத்தியம்தான். போட்டோஃபிரின் என்ற மருந்தை நரம்பில் ஏற்றி, 40 முதல் 50 மணித்தியாலம் கழித்துக் கட்டிமேல் சிவப்பு லேசர் பிடிப்பார்கள். ஒளி பட்ட இடத்தில் மருந்து ஒட்சிசனை நஞ்சாக்கிக் கட்டியைக் கொல்லும். கனடா 1993இலும் அமெரிக்கா 1995இலும் இதற்கு அனுமதி கொடுத்தன. ஆனால் அந்த ஒளி தசைக்குள் ஒரு சென்ரிமீற்றர் போவதே பெரிய விஷயம். ஈரலுக்கும் எலும்புக்கும் பரவிய நோயை, மேலே லைட் அடித்துச் சுகப்படுத்துவோம் என்று ஒருவர் சொன்னால் அது பச்சைப் பொய்! அயர்லாந்தின் கில்லலோ என்ற சிற்றூரில் 2000களின் தொடக்கத்தில் இப்படி ஒரு ‘ஒளி’ வைத்தியம் நடந்தது. கைவிடப்பட்ட நோயாளிகள் ஆயிரக்கணக்கான யூரோ கட்டினார்கள். எத்தனையோ குடும்பங்களுக்குக் கடைசி நம்பிக்கையும் போய், காசும் போனது.

சரியான ஆஸ்பத்திரியில், சரியான நோய்க்கு இந்தச் சிகிச்சையைச் செய்துகொண்டு ஊர் திரும்புகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை இருக்கிறது: வெயில்! போட்டோஃபிரின் கட்டியில் மட்டும் தங்காது, தோலிலும் கண்ணிலும் தங்கும். குறைந்தது 30 நாள், சிலருக்கு 90 நாள்வரை. 1912இல் மேயர்-பெட்ஸ் என்ற ஜெர்மன் வைத்தியர் இதன் மூதாதை மருந்தான ஹெமட்டோபோர்பிரினை 200 மில்லிகிராம் தனக்கே ஏற்றிக்கொண்டு வெயிலில் நின்றார். முகம் அடையாளம் தெரியாமல் வீங்கியது. ஜெர்மனி வெயிலுக்கே அந்தக் கதி என்றால், துறைமுகத் தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் எங்கள் பத்துமணி வெயில் என்ன செய்யும்?

சன் கிரீம் பூசினால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். அது தடுப்பது புற ஊதாக் கதிரை. இங்கே சுடுவது கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம். முழுக்கைச் சட்டை, கையுறை, அகலத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி வேண்டும். பல் வைத்தியரின் விளக்கும் சுடும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதற்காக நோயாளியை இருட்டறையில் பூட்டி வைக்கவும் கூடாது. வீட்டுக்குள் இருக்கும் சாதாரண வெளிச்சம்தான் தோலில் தங்கிய மருந்தை மெல்ல அழிக்கும். இதைப் பல குடும்பங்களுக்கு யாரும் விளக்குவதில்லை என்பதே என் பயம்.

இன்னொன்று. இலங்கையில் ஆண்களை அதிகம் தாக்குவது வாய்ப் புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுகிறவர்கள் வாய்க்குள் வெள்ளையாகவோ சிவப்பாகவோ தடிப்போ புண்ணோ கண்டு, மூன்று கிழமையில் ஆறாவிட்டால், லைட்டையும் லேகியத்தையும் தேடி அலைய வேண்டாம். திருகோணமலை ஆஸ்பத்திரிப் பல் பிரிவுக்கு உடனே போங்கள். அங்கிருந்து மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாலும் அரச ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம்.