மெதுவாக ஓடிய மாரியோ

மைக்ரோ ஜீனியஸ் என்பது தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் வீடியோ விளையாட்டுப் பெட்டி. தைவானில் தயாரானது. 1980களின் இறுதியிலும் 1990களின் முற்பகுதியிலும் மலேசியாவில் இந்த வகைப் பெட்டிகள் எல்லாவற்றுக்கும் அதுவே பொதுப்பெயராகிவிட்டது. பெட்டியின் மேல் வேறு எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும், சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் அவற்றைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களிலும் பிள்ளைகள் விளையாடியது 'மைக்ரோ ஜீனியஸ்'தான். கெடா மாநிலத் தோட்டங்களில் வளர்ந்து இன்று நாற்பதைத் தாண்டியவர்களிடம் இதன் பேச்சை எடுத்தால் போதும், கேசட்டை ஊதியது முதல் அண்ணனோடு சண்டை போட்டது வரை வரிசையாக வரும். ஆனால் அவர்கள் நினைவில் இருக்கும் மாரியோ ஜப்பானியப் பிள்ளைகள் ஆடிய மாரியோ அல்ல. அது ஏன் என்பதைப் பெட்டியைத் திறந்து பார்த்தால்தான் சொல்ல முடியும்.

இதன் மூலம் ஜப்பானில் இருக்கிறது. நின்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15 அன்று 'ஃபேமிலி கம்ப்யூட்டர்' என்ற பெட்டியை 14,800 யென் விலைக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. சுருக்கமாக ஃபேமிகாம். வடிவமைப்புக்குத் தலைமை தாங்கியவர் மசாயுகி உவெமுரா. 2003இல் உற்பத்தி நிற்பதற்குள் உலகம் முழுவதும் 61.91 மில்லியன் பெட்டிகள் விற்றன. அந்தக் கணக்கில் தோட்டத்துப் பெட்டிகள் சேராது. தோட்டத்துக்கு வந்தது நகல். தைவானின் யுஎம்சி என்ற சில்லுத் தொழிற்சாலை ஃபேமிகாமின் இரண்டு முக்கியச் சில்லுகளுக்கும் நகல் செய்தது. டிஎக்ஸ்சி என்ற நிறுவனம் மைக்ரோ ஜீனியஸ் என்ற பெயரில் பெட்டிகளை ஏற்றுமதி செய்தது. போலந்தில் அது பெகாசஸ் ஆனது. 1992இல் ரஷ்யாவுக்குப் போய் டெண்டி ஆனது. கெடாவின் பீடோங் பக்கத்து லயத்து வீட்டில் ஒரு பையனும் மாஸ்கோ அடுக்குமாடியில் ஒரு பையனும் ஒரே பெட்டியின் முன் உட்கார்ந்திருந்தார்கள். திருட்டு நகல்தான், சந்தேகமில்லை. ஆனால் மட்டமான நகல் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

பெட்டிக்குள் வேலை செய்பவை அந்த இரண்டு சில்லுகள். ஒன்று கணக்குப் போடுவது. 1975இல் வந்த 6502 என்ற எட்டு பிட் சில்லின் வழிவந்தது, நொடிக்கு ஏறத்தாழ 18 லட்சம் துடிப்பு. மற்றொன்று படம் வரைவது. கணக்குச் சில்லின் வேலைக்கென இருந்த நினைவகம் 2 கிலோபைட். இன்றைய முறையில் தமிழில் தட்டச்சு செய்தால் இந்தக் கட்டுரையின் முதல் இரண்டு பத்திகளைக்கூட அதற்குள் அடக்க முடியாது. அவ்வளவு சிறிய இடத்தில் ஓர் உலகத்தையே ஓட வைத்த தந்திரம், ஓடு பதிப்பது போன்றது. திரை முழுவதையும் புள்ளி புள்ளியாக வரையாமல், எட்டுக்கு எட்டுப் புள்ளி கொண்ட சிறு சதுரங்களைக் கேசட்டில் வைத்துக்கொண்டு, எந்தச் சதுரம் எங்கே என்ற பட்டியலை மட்டும் சில்லு நினைவில் வைத்திருக்கும். சூப்பர் மாரியோவில் வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே சதுரங்கள்தான், நிறம் மட்டும் வேறு.

அசையும் உருவங்களுக்கு வேறு கணக்கு. திரையில் மொத்தம் 64 அசையும் துண்டுகள் இருக்கலாம். ஒரே கிடைக்கோட்டில் எட்டுக்கு மேல் கூடாது. ஒன்பதாவது வந்தால் ஒன்று மறையும். எல்லாவற்றையும் காட்ட வேண்டுமே என்று நிரல் எழுதியவர்கள் ஒரு முறை ஒன்றை, அடுத்த முறை மற்றொன்றை மறைத்தார்கள். கூட்டம் கூடியதும் எதிரிகள் மினுமினுத்தது இதனால்தான். பெட்டி பழுதாகிவிட்டது என்று பயந்து அதைத் தட்டிப் பார்த்த பிள்ளைகள் வீணாகத்தான் தட்டினார்கள்.

விளையாட்டு இருந்தது கேசட்டில். ஒலிநாடாவுக்கும் அதற்கும் எந்த உறவும் கிடையாது. அழிக்க முடியாத நினைவகச் சில்லுகள் பதித்த ஓர் அட்டை, 60 உலோகத் தொடுமுனைகள், மேலே ஒரு பிளாஸ்டிக் கூடு, அவ்வளவே. (கையில் பிடித்த பட்டைக்கும் இப்படித்தான் 'ஜாய்ஸ்டிக்' என்று பெயர் வந்தது. அதில் ஸ்டிக் எதுவும் இல்லை.) 1985 செப்டம்பரில் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் முழுவதும் 40 கிலோபைட். கைப்பேசியில் எடுக்கும் 3 மெகாபைட் படம் ஒன்றின் இடத்தில் எழுபத்தைந்து மாரியோவை வைக்கலாம். படம் வராவிட்டால் கேசட்டை எடுத்து வாயால் ஊதுவது எல்லா நாட்டிலும் இருந்த சடங்கு. வேலை செய்தது ஊதல் அல்ல, எடுத்து மறுபடியும் செருகியதுதான். தொடுமுனைகள் உராய்ந்து இடம் மாறிப் பொருந்தின. எச்சில் ஈரம் நாளடைவில் அந்த முனைகளை அரித்தது.

'64 இன் 1' என்று தொடங்கி 9999999 வரை எண் போட்ட கேசட்டுகள் பாசார் மாலாம் எனப்படும் இரவுச் சந்தைகளில் குவிந்து கிடந்தன. தீபாவளிக் காசைச் சேர்த்து வாங்கியவர்களுக்கு அந்த எண்ணைப் பற்றிப் பிறகுதான் தெரியவந்தது. உள்ளே இருந்தவை சில விளையாட்டுகளே. பட்டியலில் ஓர் எண்ணை அழுத்தினால் அதே விளையாட்டு மூன்றாம் கட்டத்திலிருந்து தொடங்கும், இன்னோர் எண்ணில் கூடுதல் உயிர்களோடு தொடங்கும். தொடக்க மதிப்பு ஒன்றை மாற்றினால் 'புதிய' விளையாட்டு தயார். ஏமாற்று வேலை என்றாலும் கெட்டிக்கார வேலை. நின்டெண்டோ செய்யாத ஒன்றைத் தைவான்காரர்கள் செய்தார்கள்: தோற்றுக்கொண்டே இருக்கும் பிள்ளைக்கும் கடைசிக் கட்டத்தைக் காட்டினார்கள்.

இனித் தொலைக்காட்சிக்கு வரலாம். மலேசியாவில் ஒளிபரப்பு 1963 டிசம்பர் 28இல் தொடங்கியது. வண்ணம் வந்தது 1978இல். வண்ண ஒளிபரப்புக்கு நாடு எடுத்துக்கொண்ட முறையின் பெயர் 'பால்'. தோட்டத்தில் பால் என்றால் மரத்தில் வடிவது. இது வேறு பால், ஆங்கில எழுத்துகளின் சுருக்கம். அந்த முறையில் திரை நொடிக்கு 50 முறை புதுப்பிக்கப்படும். ஜப்பானில் 60 முறை. மாரியோ ஓர் அடி எடுத்து வைப்பது, பாட்டு அடுத்த சுரத்துக்குப் போவது எல்லாம் திரை புதுப்பிக்கும் துடிப்பை எண்ணித்தான் நடக்கும்படி எழுதப்பட்டிருந்தன. துடிப்பு குறைந்தால் உலகமே மெதுவாகும். பால் நாடுகளுக்கென வந்த தைவான் சில்லுகள், ஜப்பானிய நிரல் தடுமாறாமல் ஓடும்படி காத்திருக்கும் நேரத்தை நீட்டிக்கொண்டன. ஆனால் நொடிக்கு 50 என்பதை அவற்றாலும் மாற்ற முடியவில்லை. ஆகவே கெடாவில் மாரியோ ஜப்பானில் ஓடியதைவிட ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடினான். பாட்டும் அதே அளவு நிதானமாக வந்தது. கணக்குச் சில்லின் வேகம் மட்டும் ஜப்பானியச் சில்லின் வேகத்தையே ஒட்டியிருந்ததால் சுருதி ஏறக்குறைய மாறவில்லை, தாளம்தான் தளர்ந்தது.

படம் வந்த வழியும் சுற்றுவழி. பெட்டி தன் படத்தைச் சிறிய அலைபரப்பாக மாற்றி ஏரியல் துளை வழியே அனுப்பும். தொலைக்காட்சி அதை இன்னொரு நிலையமாக எண்ணிக்கொள்ளும். எறும்பு மொய்த்த திரையில் குமிழைத் திருகித் திருகி அந்த நிலையத்தைக் கண்டுபிடிப்பது தனித் திறமை. வீட்டுக்கு ஒருவருக்கே அது கைவந்தது, அவருக்கு அதனால் ஒரு மரியாதையும் இருந்தது.

துப்பாக்கி இன்னும் சுவையானது. 1984இல் வந்த வாத்துச் சுடும் விளையாட்டில் துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை. அது ஒரு கண். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுக்கும். அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைச் சதுரம் தோன்றும். குழலுக்குள் இருக்கும் ஒளியுணரி வெளிச்சத்தைக் கண்டால் குறி தப்பவில்லை. இரண்டு வாத்துகள் இருந்தால் இரண்டு சதுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். எந்தக் கணத்தில் வெளிச்சம் தெரிந்தது என்பதை வைத்து எந்த வாத்து என்று பெட்டி முடிவு செய்யும். இதற்குப் படக்குழாய்த் தொலைக்காட்சியின் உடனடி வெளிச்சம் வேண்டும். தட்டைத் திரைகள் படத்தைச் சற்றுத் தாமதமாகக் காட்டுவதால் இன்று அந்தத் துப்பாக்கி வெறும் பொம்மை.

கீழே வைக்க மனம் வராத விளையாட்டுகள் என்று எடுத்தால் முதலில் வருவது பேட்டில் சிட்டி. பிள்ளைகளுக்கு அது 'டாங்க்'. நாம்கோ நிறுவனம் 1985இல் வெளியிட்டது. 35 கட்டங்கள், கட்டத்துக்கு 20 எதிரி டாங்குகள், அடியில் காக்க வேண்டிய ஒரு கழுகு. இருவர் சேர்ந்து ஆடலாம் என்பதே அதன் பலம். ஒருவர் கழுகைக் காக்க, மற்றவர் வேட்டைக்குப் போவார். போனவர் திரும்பி வருவதற்குள் கழுகு போயிருக்கும். அடுத்து கொன்ட்ரா. அதில் 30 உயிர் தரும் பொத்தான் வரிசையை வாய்ப்பாடு போல ஒப்பித்தார்கள். அந்த வரிசை முதலில் 1986இல் கிரேடியஸ் என்ற வேறொரு விளையாட்டில் வந்தது. அதை ஃபேமிகாமுக்கு மாற்றிய கசுஹிசா ஹஷிமோட்டோ, தன்னால் கட்டங்களைக் கடக்க முடியாததால் தன் வசதிக்குச் செய்துகொண்ட குறுக்குவழி அது. பிறகு டெட்ரிஸ். 1984இல் மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் எழுதியது. நின்டெண்டோவின் டெட்ரிஸைத் தாங்க முடியாமல் இயந்திரமே உறைந்து நிற்கும் கட்டம் வரை முதன்முதலில் ஆடிக் காட்டியவன் 13 வயது அமெரிக்கச் சிறுவன், 2023 டிசம்பரில்.

இந்த ஈர்ப்பை ஆய்வாளர்களும் அளந்து பார்த்திருக்கிறார்கள். 1998இல் நேச்சர் இதழில் வந்த லண்டன் ஆய்வில் எட்டு ஆண்கள் ஒரு விளையாட்டை ஆடும்போது அவர்கள் மூளை படம்பிடிக்கப்பட்டது. மூளை வேதிப்பொருளான டோபமினின் சுரப்பு கூடியது. அவர்கள் ஆடியதும் ஒரு டாங்க் விளையாட்டுதான். கட்டத்தைக் கடந்தால் பணம் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2000இல் ராபர்ட் ஸ்டிக்கோல்ட் குழு டெட்ரிஸ் ஆடியவர்களைத் தூங்கும் வேளையில் விசாரித்தது. கட்டைகள் விழும் காட்சி கண்முன் வருவதாகப் பலர் சொன்னார்கள். மறதி நோயால் ஆடியதே நினைவில்லாதவர்களும் அப்படிச் சொன்னதுதான் வியப்பு. இவற்றைவிடப் பழையது 1928இல் பெர்லினில் மரியா ஓவ்சியாங்கினா கண்டது: பாதியில் தடுக்கப்பட்ட வேலையை, யாரும் சொல்லாமலே மனிதர்கள் மீண்டும் எடுத்துச் செய்வார்கள்.

பாதியில் தடுக்கப்படுவது தோட்டத்தில் அன்றாட நிகழ்ச்சி. மாரியோவில் விட்ட இடத்தைச் சேமிக்க வழியில்லை; மின்சாரம் போனால் முதல் கட்டத்திலிருந்துதான். பல தோட்டங்களில் அப்போது மின்சாரம் ஜெனரேட்டரிலிருந்து வந்தது, அதுவும் மாலையிலிருந்து இரவு ஒரு குறிப்பிட்ட நேரம் வரைக்கும்தான். தொழிலாளர் குடியிருப்புகளுக்குப் போதிய மின்சாரம் தர வேண்டும் என்ற சட்டம் 1990இல் வந்தது. லயத்து வீட்டில் தொலைக்காட்சி இருக்கும் இடமே பெற்றோர் படுக்கும் இடம். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போக வேண்டியவர்கள் பிளக்கைப் பிடுங்குவார்கள். தமிழ்ப்படம் போடும் நேரத்தில் பிள்ளைகள் பக்கம் யாரும் நிற்கமாட்டார்கள். பெட்டியை நிறுத்தாமல் 'பாஸ்' போட்டு, அதன் மேல் துணி மூடிவிட்டுப் பள்ளிக்குப் போன பிள்ளைகளும் உண்டு. பெட்டி சூடேறிக் கிடக்கும். எவ்வளவு நேரமும் ஆடலாம் என்றிருந்த வீட்டுப் பிள்ளைகளைவிட இவர்களுக்கே அந்த விளையாட்டு ஆழமாகப் பதிந்திருக்க வேண்டும்.

முடிவு சீக்கிரமாகவே வந்தது. 1994 டிசம்பரில் ஜப்பானில் பிளேஸ்டேஷன் வெளியானது. சில ஆண்டுகளில் பட்டணங்களில் சைபர் கஃபேகள் முளைத்தன. அதே காலத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் காலியாகின, குடும்பங்கள் தாமான் எனப்படும் பட்டணத்துக் குடியிருப்புகளுக்குக் குடிபெயர்ந்தன. மூட்டை கட்டும்போது பெட்டி எங்கே போனது என்று பெரும்பாலோருக்கு நினைவில்லை.

2016இல் நின்டெண்டோ உள்ளங்கை அளவில் ஃபேமிகாமை மீண்டும் வெளியிட்டது, 30 விளையாட்டுகளோடு. ஐரோப்பாவுக்குச் சென்ற அதன் மறுவடிவமும் 60 துடிப்பில்தான் ஓடியது. கணினியில் பழைய பெட்டியைப் பாவனை செய்யும் நிரல்களும் வழக்கமாக அதே வேகத்தில்தான் தொடங்கும். இவற்றில் ஆடிப் பார்க்கும் தோட்டத்துக்காரர்கள் மாரியோ கைக்கு அடங்காமல் ஓடுவதாக உணர்ந்தால், வயதை மட்டும் குறை சொல்ல வேண்டியதில்லை. மெசன் போன்ற பாவனை நிரல்களின் அமைப்புகளில் 'டெண்டி' என்றொரு தேர்வு இருக்கிறது. ரஷ்யப் பெட்டியின் பெயரில் வைத்தது. அதைத் தேர்ந்தெடுத்தால் மாரியோ நொடிக்கு 50 துடிப்பில் ஓடுவான்.