‘80 சதவீத வெற்றி’ என்றால் என்ன? கருத்தரிப்பு மையத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்



குழந்தைப் பேற்றுக்காகக் காத்திருக்கும் தம்பதியர் நம் மஹல்லாவிலும் இருக்கிறார்கள். உலகில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர் தம் வாழ்நாளில் இந்தச் சிக்கலைச் சந்திப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெரிவித்தது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை; மனைவியை மட்டும் குறை சொல்வதிலும் நியாயமில்லை. குறை கணவரிடமும் இருக்கலாம். எனவே முதல் பரிசோதனை இருவருக்கும் சேர்த்தே நடக்க வேண்டும்.

ஐ.வி.எஃப். சிகிச்சைக்காக நகையை விற்பவர்களும் வட்டிக்குக் கடன் வாங்குபவர்களும் உண்டு. மையத்தைத் தேர்ந்தெடுக்க அவர்களில் பலர் நம்புவது விளம்பரப் பலகையில் உள்ள சதவீதத்தைத்தான். அந்த எண்ணை எப்படிப் புரிந்துகொள்வது என்று பார்ப்போம்.

எது வெற்றி?

உதாரணத்துக்கு, 100 தம்பதியர் சிகிச்சை தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். போதிய கருமுட்டை கிடைக்காமலோ, கரு உருவாகாமலோ 20 பேருக்குப் பாதியில் நின்றுவிடுகிறது. மற்ற 80 பேருக்குக் கரு கருப்பைக்குள் வைக்கப்படுகிறது. அவர்களில் 40 பேருக்கு ரத்தப் பரிசோதனையில் ‘பாசிட்டிவ்’ வருகிறது. சிலருக்குக் கரு கலைந்துபோக, 28 பேர் குழந்தை பெறுகிறார்கள்.

ஒரு மையம் 80 பேரில் 40 என்று கணக்கிட்டு, ‘50 சதவீத வெற்றி’ என்று போடலாம். இன்னொரு மையம் 100 பேரில் 28 என்று கணக்கிட்டு, ‘28 சதவீதம்’ என்று சொல்லலாம். நடந்தது ஒன்றுதான், எண்ணிய விதம் வேறு. நமக்கு வேண்டியது இரண்டாவது கணக்கு.

வயதும் தானக் கருமுட்டையும்

பெண்ணின் வயது கூடக்கூட, குறிப்பாக 35க்குப் பிறகு, சொந்தக் கருமுட்டையால் குழந்தை பெறும் வாய்ப்பு குறைகிறது. இளம் வயதினர் அதிகம் வரும் மையத்தின் சதவீதம் தானாகவே உயர்ந்து தெரியும். கடினமான நோயாளிகளையும் ஏற்கும் நல்ல மையத்தின் சதவீதம் குறைந்து தெரியலாம்.

நம் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, கணவன் மனைவிக்குள் மட்டும் நடக்கும் சிகிச்சையை அனுமதித்தது. பிறருடைய கருமுட்டை, விந்தணுவைத் தடுத்தது. ஆனால் பல மையங்களின் மொத்தக் கணக்கில் இளம்பெண்களின் தானக் கருமுட்டையால் கிடைத்த வெற்றிகளும் சேர்ந்திருக்கலாம். அந்தச் சதவீதம் நமக்குப் பொருந்தாது.

மையத்தில் கேளுங்கள்

1. எங்கள் வயதுப் பிரிவில், சொந்தக் கருமுட்டையுடன், சிகிச்சை தொடங்கியவர்களில் எத்தனை பேருக்குக் குழந்தை பிறந்தது?
2. அது எந்த ஆண்டின் கணக்கு? மொத்தம் எத்தனை பேர்? (பத்துப் பேரில் ஆறு என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.)
3. ஒரு தடவையில் எத்தனை கரு வைப்பீர்கள்? (அதிகம் வைத்தால் இரட்டைக் குழந்தை, குறைப்பிரசவ ஆபத்து கூடும்.)
4. மருந்து, ஸ்கேன், கரு உறைய வைத்தல் எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு? முதல் தடவை தோற்றால்?

பதிலை எழுத்தில் வாங்குங்கள். இப்படிக் கேட்பது மருத்துவரைச் சந்தேகிப்பது ஆகாது. வெற்றி வாய்ப்பு, செலவு, பக்கவிளைவுகள் ஆகியவற்றைத் தம்பதியருக்கு விளக்குவது மையத்தின் கடமை என்று 2021ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டமே சொல்கிறது. அச்சட்டப்படி பதிவு பெற்ற மையமா என்பதையும் பாருங்கள். ‘நூறு சதவீதம் உறுதி’ என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

குழந்தையைத் தருபவன் அல்லாஹ். நம் பங்கு, விசாரித்து, ஆலோசித்து, பிறகு தவக்குல் வைப்பது. மார்க்க ஐயங்களுக்கு உங்கள் ஆலிமை அணுகுங்கள். காத்திருக்கும் தம்பதியரிடம் ‘இன்னும் விசேஷம் இல்லையா’ என்று கேட்பதை விட்டுவிட்டு, அவர்களுக்காக துஆ செய்வோம்.