அம்மாவைப் பார்க்க ஒரு கேமரா... கூடவே வேறு யார் பார்க்கிறார்கள்?

"அம்மா, மாத்திரை டப்பா டிவி ஸ்டாண்டு மேலயே இருக்கே. இன்னும் போடலையா?"

சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ இப்படி போன் வந்தால் கும்பகோணத்து அம்மாக்கள் இப்போதெல்லாம் ஆச்சர்யப்படுவதில்லை. ஹால் மூலையில், சாமி படத்துக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஓர் உருண்டை உட்கார்ந்திருக்கிறது. மகன் லீவில் வந்தபோது மாட்டிவிட்டுப் போனது. கழுத்தைத் திருப்பும், பேசும், இருட்டிலும் பார்க்கும். விலை இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்.

பெரியவர்கள் தனியாக இருக்கும் வீடுகளில் இந்த வைஃபை கேமரா பெரிய ஆறுதல்தான். காலையில் அப்பா எழுந்து பேப்பர் எடுக்கப் போகிறாரா என்று பார்த்துவிட்டு, நிம்மதியாக வேலைக்குக் கிளம்பும் பிள்ளைகள் எத்தனையோ பேர். ஆனால், அந்தக் காட்சி கும்பகோணத்திலிருந்து சிங்கப்பூர் போகும் வழியில் யார் கையைத் தாண்டிப் போகிறது? கேமரா வாங்கும்போது யாரும் இதைக் கேட்பதில்லை. கடைக்காரரும் சொல்வதில்லை.

நடுவில் ஒரு தரகர்

கேமராவை முதன்முதலில் இணைக்கும்போது பல மாடல்களில் போன் திரையில் ஒரு கியூஆர் கோடு வரும். அதைக் கேமராவின் கண்ணெதிரே காட்டச் சொல்வார்கள். பார்க்க ஏதோ திருஷ்டி கழிப்பது மாதிரி இருக்கும். ஆனால், காரணம் எளிமையானது. கேமராவுக்குக் கீபோர்டும் இல்லை, திரையும் இல்லை. உங்கள் வீட்டு வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் அதற்கு எப்படிச் சொல்வது? அந்தக் கட்டத்துக்குள் எழுதியிருப்பது அவைதான். கேமரா தன் கண்ணாலேயே படித்துக்கொள்கிறது.

அடுத்ததுதான் முக்கியம். வீட்டில் இருக்கும் ரௌட்டர், அபார்ட்மென்ட் வாட்ச்மேன் மாதிரி. உள்ளே இருப்பவர்கள் வெளியே யாரை வேண்டுமானாலும் கூப்பிடலாம். ஆனால், வெளியிலிருந்து முன்பின் தெரியாதவர் வந்தால் உள்ளே விடாது. அப்படியென்றால் சிங்கப்பூரில் இருக்கும் மகனின் போன் எப்படி உள்ளே வருகிறது?

அது உள்ளே வருவதே இல்லை. கேமராதான் முந்திக்கொண்டு, அதைத் தயாரித்த கம்பெனியின் சர்வரைக் கூப்பிட்டு, லைனை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. மகன் ஆப்பைத் திறந்ததும் அவருடைய போனும் அதே சர்வரிடம்தான் போகிறது. கல்யாணத் தரகர் மாதிரி சர்வர் இரண்டு பேரையும் சேர்த்துவைக்கிறது. அறிமுகம் ஆன பிறகு போனும் கேமராவும் நேரடியாகப் பேசிக்கொள்வதும் உண்டு. அது முடியாதபோது மொத்தக் காட்சியும் தரகர் வீட்டு வழியாகவே போகும்.

கேமரா மட்டுமல்ல, ஆப்பில் இயங்கும் பல்பு, ஏசி, பிளக் என்று பலவற்றுக்கும் இதே கதைதான். கட்டிலில் படுத்தபடி போனைத் தட்டி அதே அறையின் லைட்டை அணைக்கும்போது, பல மாடல்களில் அந்தக் கட்டளை எங்கோ இருக்கும் சர்வர் வரை போய்த் திரும்பி வருகிறது. நெட் போன அன்றைக்கு பல்பு சொன்ன பேச்சைக் கேட்காமல் அடம்பிடிப்பது இதனால்தான். கரன்ட் போனால் கேமராவோடு ரௌட்டரும் சேர்ந்து தூங்கிவிடும். கேமராவை மட்டும் இன்வெர்ட்டரில் போட்டு என்ன பயன்?

நெட் செலவையும் ஒரு கணக்குப் பார்த்துவிடலாம். ஒரு எம்பிபிஎஸ் வேகத்தில் காட்சி போனால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 450 எம்பி. பிராட்பேண்ட் வீட்டில் இது தெரியாது. தினம் 1.5 ஜிபி தரும் சிம்மை நம்பி கேமரா ஓட்டுபவர்களுக்கு, தொடர்ந்து பார்த்தால் மூன்றரை மணி நேரத்துக்குள் அன்றைய கோட்டா காலி.

தரகர் சொதப்பினால்?

2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஒரு கூத்து நடந்தது. வைஸ் என்ற நிறுவனத்தின் கேமராக்கள், சர்வர் கோளாறால் சில மணி நேரம் முடங்கின. சரியானதும் எல்லாக் கேமராக்களும் ஒரே நேரத்தில் முண்டியடித்துக்கொண்டு வர, எந்தக் கேமரா யாருடையது என்பதில் சர்வருக்குக் குழப்பம். சுமார் 13,000 பேரின் போனில் அடுத்தவர் வீட்டுக் கேமராவின் சின்னப் படங்கள் வந்து நின்றன. அவர்களில் 1,504 பேர் அந்தப் படத்தைத் தொட்டுப் பெரிதாக்கவும் செய்தார்கள். இதை வெளியில் சொன்னது அந்த நிறுவனமேதான். ஹேக்கர் யாரும் இல்லை, திருடர் யாரும் இல்லை. சொந்தக் கட்சிக்காரர்களின் ஜாதகத்தைத் தரகரே மாற்றிக் கொடுத்த கதை!

அமேசானுக்குச் சொந்தமான ரிங் நிறுவனத்தின் விவகாரம் இதைவிட மோசம். அங்கே வேலை பார்த்த ஒருவர், பெண் வாடிக்கையாளர்களின் படுக்கையறை போன்ற இடங்களில் இருந்த கேமராக்களின் ஆயிரக்கணக்கான பதிவுகளைப் பார்த்தார் என்று, 2023-ல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் குற்றம்சாட்டியது. 58 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டு நிறுவனம் வழக்கை முடித்துக்கொண்டது.

பூட்டாத வீடுகள்

தரகர் யோக்கியராகவே இருக்கட்டும். வீட்டுக்காரர் பூட்டை மாற்றாவிட்டால்?

2016 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட பெரிய தளங்கள் பலருக்குத் திறக்கவில்லை. காரணமாக இருந்தவை பெரும்பாலும் வீட்டு கேமராக்கள், கேமரா பதிவுப் பெட்டிகள், ரௌட்டர்கள். 'மிராய்' என்ற வைரஸ் நெட்டில் தெருத்தெருவாகச் சுற்றி, கதவைத் தட்டி, சுமார் அறுபது பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. அட்மின், 1234 மாதிரி கம்பெனி போட்டுக்கொடுத்த பாஸ்வேர்டுகள்தான். அவ்வளவே போதுமாக இருந்தது. லட்சக்கணக்கான கருவிகள் அதன் பிடிக்குள் போயின. அவற்றில் பெரும் பட்டாளம் ஒன்று, ஒரே இணைய நிறுவனத்தைக் குறிவைத்து ஒரே நேரத்தில் தாக்கியது. மிராயை எழுதிய மூன்று அமெரிக்க இளைஞர்கள் அதற்கு முந்தைய மாதமே அதன் நிரலை ஊருக்கே வெளியிட்டிருந்தார்கள். 2017 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். கேமராவின் சொந்தக்காரர்களில் பெரும்பாலானோருக்குத் தங்கள் வீட்டுக் கேமரா இந்த வேலையைச் செய்தது தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை.

இதற்குப் பிறகுதான் அரசுகள் விழித்தன. எல்லாக் கருவிக்கும் பொதுவாக ஒரே சுலபமான பாஸ்வேர்டு போட்டு விற்பதைப் பிரிட்டன் 2024 ஏப்ரல் 29 முதல் தடை செய்துவிட்டது. இந்தியாவிலும் 2025 ஏப்ரல் முதல் சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயம். பரணில் கிடக்கும் பழைய கேமராவுக்கு இந்த விதி எதுவும் செய்யாது. அதற்கு நாம்தான் செய்ய வேண்டும். ஆப்புக்கு வேறெங்கும் பயன்படுத்தாத பாஸ்வேர்டு ஒன்று. அதோடு, போனுக்கு ஓடிபி வரும் இரண்டாவது பூட்டு. 'அப்டேட்' என்று ஆப் கேட்டால் தள்ளிப்போடாமல் சம்மதிப்பது. ரௌட்டரில் விருந்தினர் வைஃபை வசதி இருந்தால் கேமராவையும் பல்பையும் அதில் போட்டுவிட்டு, பேங்க் ஆப் இருக்கும் போனைத் தனியாக வைப்பது. பத்து நிமிட வேலை. மாட்டிவிட வந்த கடைப் பையனே பாஸ்வேர்டும் போட்டுக் கொடுத்திருந்தால், அவர் படி இறங்கியதும் முதல் காரியமாக மாற்றிவிடுங்கள்.

அம்மாவிடம் கேட்டீர்களா?

இது தொழில்நுட்பக் கேள்வி இல்லை. மதியம் ஹாலில் பாய் போட்டுப் படுக்கும் அம்மா, கேமரா வந்த பிறகு உள்ளறைக்குப் போய்ப் படுக்கிறார். பக்கத்து வீட்டு அக்கா வந்தால் வாசல் திண்ணைக்கு அழைத்துப்போய்ப் பேசுகிறார். பல கேமராக்களில் மைக்கும் உண்டு என்பது யாரும் சொல்லாமலே அவருக்குப் புரிந்திருக்கிறது. பிள்ளை ஆசையாக மாட்டியதை வேண்டாம் என்று சொல்ல மனம் வருவதில்லை. அவ்வளவுதான்.

எங்கே மாட்டலாம் என்று அவரையே கேட்டால், பெரும்பாலும் வாசலைப் பார்த்தபடி என்பார். அதுவே சரியான இடமும்கூட. படுக்கையறையும், உடை மாற்றும் இடமும் கூடவே கூடாது. ஒருவரின் அந்தரங்கத்தைச் சம்மதமில்லாமல் படம்பிடிப்பதும் அனுப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். வீட்டு வேலைக்கு வருபவருக்கும், அப்பாவைப் பார்த்துக்கொள்ள வரும் நர்ஸுக்கும் கேமரா இருப்பதைச் சொல்லிவிட வேண்டும். பல ஆப்களில் குறிப்பிட்ட நேரத்துக்குக் கண்ணை மூடிக்கொள்ளும் வசதி உண்டு. அதைவிட எளிது, கேமராவின் பிளக் எது என்று அம்மாவுக்குக் காட்டிவிடுவது. வேண்டாதபோது அணைத்துக்கொள்வார். அணைந்திருக்கிறதே என்று உடனே போன் போட்டுக் குடைய வேண்டியதில்லை.

கேமரா பழசாகி யாருக்காவது கொடுப்பதாக இருந்தால், ஆப்பிலிருந்து அதை நீக்கிவிட்டு, ரீசெட் பட்டனை அழுத்திப் பிடித்துப் பழைய விவரங்களை அழிக்க வேண்டும். பக்கவாட்டிலோ அடியிலோ ஒரு சின்ன மூடிக்குள் மெமரி கார்டு இருக்கும். அதைக் கழற்றிக்கொள்ளுங்கள். இடம் தீரத்தீரப் பழையதன் மேல் புதியதை எழுதிக்கொண்டே போகும் கார்டு அது. கடைசிச் சில நாள்களில் ஹாலில் நடந்ததெல்லாம் அப்படியே அதில் இருக்கும்.